ஜீவனாம்சமா, ஒரே தொகையா, வீடா: விவாகரத்தில் எதைக் கேட்பது?

விவாகரத்து ஆனால் கணவன் சொத்தில் பாதி மனைவிக்கு வந்துவிடும் என்று நம்பி வக்கீல் ஆபீஸ் படியேறுகிறவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே நம்பிக்கையில் பயந்துபோய் ஊர் வீட்டை அவசர அவசரமாக அண்ணன் பேருக்கு எழுதிவைக்கும் ஆண்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் நினைக்கிற மாதிரி ஒரு சட்டம் நம் நாட்டில் கிடையாது. கோவா, டாமன், டையூவில் மட்டும் போர்ச்சுகீசியர் காலத்துச் சிவில் சட்டப்படி கல்யாணத்தோடு சொத்து இருவருக்கும் பொதுவாகிறது. மற்ற இடங்களில் யார் பேரில் பத்திரம் இருக்கிறதோ, சொத்து அவருடையது. மனைவிக்கும் பங்கு கொடுக்க வழிசெய்யும் திருத்த மசோதா ஒன்று 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவையைத் தாண்டவில்லை, 2014இல் காலாவதியாகிவிட்டது.

அதனால் இங்கே பணம் என்பது பேசி வாங்குவது, இல்லையென்றால் நீதிபதி நியாயம் பார்த்துக் கொடுப்பது. பேச உட்காரும்போது எல்லோரும் எவ்வளவு என்பதிலேயே நிற்கிறார்கள். இருபது லட்சம் ஒரே தடவையாக, மாதம் பதினைந்தாயிரம், கடன் பாக்கியோடு ஒரு ஃபிளாட் என்று மூன்று பேச்சு வந்தால், எது பெரிய தொகையாகக் காதில் விழுகிறதோ அதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள். எந்த வடிவத்தில் வாங்குகிறோம் என்பதுதான் அடுத்த இருபது வருடத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதற்காகத்தான் இந்த ஒப்பீடு. பெரும்பாலும் 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தை வைத்துத்தான் எழுதுகிறேன், மற்றவர்களுக்கு எங்கே மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். கேட்பவர் பெரும்பாலும் மனைவி என்பதால் அவரை மனதில் வைத்தே பேசுகிறேன். ஜீவனாம்சத்தைப் பற்றிய இந்தச் சட்டத்தின் 24, 25 பிரிவுகளில் வருமானம் இல்லாத கணவனும் கேட்கலாம்.

பேரத்தில் வைக்கக் கூடாதவை

முதலில் நகை. பிறந்த வீட்டில் போட்டது, மாமியார் வீட்டில் போட்டது, சொந்தக்காரர்கள் மொய்யோடு கொடுத்தது எதுவானாலும், பெண்ணுக்கென்று கொடுத்தது பெண்ணுடையது. சீதனம் மனைவியின் முழு உரிமைச் சொத்து, கணவன் கையில் இருந்தாலும் அவர் பாதுகாத்துத் திருப்பித் தர வேண்டியவர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. ஆனால் பேச்சுவார்த்தையில் நடப்பது என்ன? "நாற்பது சவரனையும் திருப்பித் தருகிறோம், பத்து லட்சமும் தருகிறோம், இதற்கு மேல் என்ன வேண்டும்" என்பார்கள். அந்த நாற்பது சவரன் அவர்கள் தருவதே இல்லை, அது ஏற்கெனவே உங்களுடையது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவர்கள் தருவது பத்து லட்சம் மட்டும்.

எனக்கு நெருங்கிய ஒரு பெண்ணின் வழக்கில் நகைதான் பெரிய சிக்கலானது. லாக்கர் இருவர் பேரிலும் இருந்தது, நகையில் பாதி வங்கியில் அடகில் இருந்தது, அடகுச் சீட்டோ கணவர் பேரில். நகைக்கடைப் பில் எதுவும் கையில் இல்லை. கடைசியில் கை கொடுத்தது கல்யாண ஆல்பம். மணமேடையில் ஒட்டியாணத்தோடு இருக்கும் படம், வரவேற்பில் கல் நெக்லஸ், வளைகாப்பில் இரட்டை வடச் சங்கிலி என்று ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டு, எந்த நகை யார் போட்டது, தோராயமாக எத்தனை கிராம் என்று இரண்டு பக்கப் பட்டியல் தயாரித்தார்கள். சமரச மையத்தில் அந்தப் பட்டியலை மேஜையில் வைத்த பிறகுதான் எதிர்த்தரப்பு இறங்கி வந்தது. அடகை மீட்டுத் தருவது யார் பொறுப்பு, வட்டி யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் தனி வரியாக ஏறியது. நகைக்கடன் பாக்கி உள்ள எல்லாருக்கும் அந்த வரி தேவை. நகையைத் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அடகுச் சீட்டைக் கையில் கொடுத்தால், கடனைக் கட்டி மீட்பது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

அடுத்து பரம்பரைச் சொத்து. கணவரின் பூர்வீக நிலத்தில் மனைவி என்ற முறையில் உங்களுக்குப் பங்கு வராது. ஆனால் உங்கள் குழந்தைக்கு அதில் இருக்கும் உரிமை உங்கள் விவாகரத்தால் போகாது, அதை எழுதிக் கொடுக்கும்படி யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பிறந்த வீட்டுச் சொத்தில் வந்த பங்கும் உங்களுடையதுதான், கணவர் அதில் ஒன்றும் கோர முடியாது. தமிழ்நாட்டில் மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம பங்கு என்று 1989இலேயே சட்டம் வந்துவிட்டதால் இது பல பெண்களுக்கு உண்மையான சொத்து.

குழந்தையின் செலவும் தனிக் கணக்கு. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகையாகச் சொல்வதை ஒத்துக்கொள்ளவே கூடாது. பிள்ளையின் ஜீவனாம்சத்தைத் தாய் விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் பிள்ளையின் உரிமை அதோடு முடிந்துவிடாது. அப்படியிருந்தும் அதைச் சேர்த்தே பேசுவது ஏனென்றால், மொத்தம் பெரிதாகத் தெரியும் என்பதற்காகத்தான்.

மாதா மாதமா, ஒரே தடவையா

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மாதத் தொகையில் என்ன நல்லது என்றால், கணவரின் சம்பளம் ஏறினால் நீங்களும் போய் ஏற்றிக் கேட்கலாம். 25ஆம் பிரிவில் சூழ்நிலை மாறினால் உத்தரவை மாற்ற வழி இருக்கிறது. அவரும் அதே வழியில் போய்க் குறைக்கக் கேட்கலாம் என்பது மறுபக்கம். நீங்கள் மறுமணம் செய்துகொண்டால் அவர் மனுப் போட்டு நிறுத்தலாம். ஒரே தொகை வாங்கிவிட்டால் இந்தக் கதவு எதுவும் கிடையாது. வாங்கியது வாங்கியதுதான், மறுமணம் ஆனாலும் திருப்பித் தர வேண்டியதில்லை, நாளை அவர் கோடீஸ்வரர் ஆனாலும் பெரும்பாலும் கூடக் கேட்க முடியாது.

கணக்கு ஒன்று போடுவோம். இருபது லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடம் 1,40,000, மாதம் சுமார் 11,600. மாதம் 15,000 என்பது இதைவிட அதிகமாகத்தான் தெரிகிறது. ஆனால் வட்டியில் முதல் அப்படியே இருக்கிறது, மகள் கல்லூரிக்குப் போகும்போது எடுக்கலாம். மாதப் பணமோ வரும்போதே அரிசிக்கும் ஸ்கூல் வேனுக்கும் போய்விடும். அதோடு விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் இன்றைய 15,000த்தின் மதிப்பு பன்னிரண்டு வருடத்தில் பாதியாகிவிடும். ஆகவே மாதத் தொகைதான் வேண்டும் என்று முடிவு செய்தால் வருடாவருடம், குறைந்தபட்சம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தானாக ஏறும்படி எழுதி வாங்குங்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு மாதம் 50,000 ரூபாய் நிரந்தர ஜீவனாம்சம் கொடுத்தபோது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏற வேண்டும் என்றும் சேர்த்தே உத்தரவிட்டது. விலைவாசியோடு பார்த்தால் 5 சதவீதம் குறைவுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனுப் போட்டு, வாய்தா வாங்கி, இன்னொரு வக்கீல் ஃபீஸ் கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்தக் கணக்கையெல்லாம் தாண்டி ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மனிதர் ஒழுங்காகப் பணம் கொடுப்பவரா?

அரசு ஊழியர், வங்கி ஊழியர், பெரிய நிறுவனத்தில் சம்பளச் சீட்டோடு வேலை பார்ப்பவர் என்றால் மாதத் தொகை வசூலாகும் சொத்து. கொடுக்கவில்லையென்றால் நிறைவேற்று மனுப் போட்டுச் சம்பளத்தைப் பிடித்தம் செய்யலாம். சாதாரணக் கடனுக்கென்றால் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தொட முடியாது. ஜீவனாம்ச உத்தரவுக்கென்று வரும்போது மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அந்தப் பாதுகாப்பு, மீதி மூன்றில் இரண்டு பங்கு வரை பிடிக்கச் சிவில் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. இது பல பேருக்குத் தெரியாது.

சொந்தத் தொழில், ரியல் எஸ்டேட், கமிஷன் வியாபாரம், வெளிநாட்டில் வேலை என்றால் ஒரே தொகையைத் தவிர வேறு எதற்கும் நான் ஆதரவு சொல்ல மாட்டேன். அவர்களிடம் பணம் இருக்கும், காகிதத்தில் இருக்காது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருப்பதன் கீழ் வாங்கிய ஜீவனாம்ச உத்தரவை மீறினால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம்தான். சிறைக்குப் போனாலும் பாக்கி கழியாது என்பதும் உண்மைதான். ஆனால் பாக்கிக்கு வாரண்ட் கேட்டு மனுப் போடுவதை ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டும். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஒரு வருடத்தைக் கடத்துபவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதப் பாக்கி ஆனதுமே மனுப் போட்டுவிடுங்கள், உறவு கெடும் என்று யோசிக்க அங்கே உறவு ஒன்றும் மிச்சமில்லை.

மாதத் தொகைக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது, ஆச்சரியமாக யாரும் கேட்பதில்லை. கொடுக்க வேண்டியவரின் அசையாச் சொத்தின் மீது அந்தத் தொகைக்குப் பொறுப்பு ஏற்படுத்த நீதிமன்றத்துக்கு 25ஆம் பிரிவே அதிகாரம் தருகிறது. அவர் பேரில் ஒரு வீட்டு மனை இருந்தால், ஜீவனாம்சம் அந்த மனையின் மீது நிற்கட்டும் என்று கேளுங்கள், உத்தரவு கிடைத்ததும் அது வில்லங்கச் சான்றிதழில் ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மனையை வாங்க வருபவர் அதைப் பார்த்தால் விசாரிக்காமல் வாங்க மாட்டார்.

வரி விஷயம் சுருக்கமாக: ஒரே தொகை மூலதன வரவாகக் கருதப்படுவதால் அதற்கு வரி இல்லை, மாதத் தொகை வருமானமாகக் கணக்காகும். நம்மில் பெரும்பாலானவர்களின் தொகைக்கு இதனால் பெரிய வித்தியாசம் வராது. கொடுப்பவருக்கு இரண்டிலும் வரிச் சலுகை இல்லை.

எவ்வளவு கேட்பது? நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அது நியாயமான அளவு என்று சொன்னதிலிருந்து வந்தது அது. அதைச் சட்டம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், பேச்சைத் தொடங்க ஒரு புள்ளி, அவ்வளவுதான். இரண்டு பேரின் தகுதி, வருமானம், குழந்தைகள், மனைவி குடும்பத்துக்காக வேலையை விட்டாரா, கணவருக்கு வேறு யாரைக் காப்பாற்றும் பொறுப்பு இருக்கிறது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எட்டு அம்சங்களை மறுபடி எடுத்துச் சொல்லி, ஒரு வழக்கில் மனைவிக்கு 5 கோடியும் மகனுக்கு 1 கோடியும் கொடுத்தது. அதே மாதம் இன்னொரு வழக்கில், முன்னாள் கணவரின் சொத்து அளவுக்கு மனைவியையும் உயர்த்திவிடுவது ஜீவனாம்சத்தின் வேலை அல்ல என்று சொல்லி 12 கோடியோடு நிறுத்தியது. இந்தக் கோடிகளைச் செய்தியில் பார்த்துவிட்டு 40,000 சம்பளக்காரரிடம் ஐம்பது லட்சம் கேட்டால் பேச்சே நடக்காது, வழக்கு ஐந்து வருடம் இழுக்கும்.

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது என்பதும் தவறு. உங்கள் சம்பளம் கணக்கில் வரும், குறையும், அதற்காக உரிமையே போய்விடாது.

ஃபிளாட்டை வாங்கிக்கொள்ளலாமா

கடன் இல்லாத வீடு என்றால் தயங்காமல் வாங்குங்கள். சின்னக் குழந்தைகளோடு தனியாக இருக்கப்போகும் பெண்ணுக்கு வாடகை வீடு கிடைப்பதே நம் ஊரில் எவ்வளவு கஷ்டம் என்பது தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "சார் எங்கே இருக்கார்?" என்ற கேள்வியைப் பத்து வீட்டில் கேட்டுவிட்டு வருகிற பெண்ணுக்குச் சொந்த வீட்டுச் சாவி எந்த வட்டிக் கணக்கிலும் அடங்காது. கொஞ்சம் பணம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

கடனோடு இருக்கும் வீடு வேறு கதை. சென்னைப் புறநகரில் இருவர் பேரிலும் ஒரு ஃபிளாட், இன்றைய விலை 70 லட்சம், இருவரும் சேர்ந்து வாங்கிய வீட்டுக்கடனில் பாக்கி 38 லட்சம் என்று வைப்போம். "எழுபது லட்சத்து வீட்டையே கொடுத்துவிட்டேன்" என்று வெளியில் சொல்வார்கள். உண்மையில் அதில் இருப்பது 32 லட்சம். அதில் உங்கள் பாதி 16 லட்சம் முன்பே உங்களுடையது. அவர் தருவது மீதி 16 லட்சம் மட்டும். கூடவே 38 லட்சக் கடனும் வருகிறது, 8.5 சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு மாதம் சுமார் 33,000 தவணை. உங்கள் சம்பளம் 35,000 என்றால் அந்த வீட்டில் இருந்துகொண்டு என்ன சாப்பிடுவது?

வங்கிக்கு உங்கள் விவாகரத்து ஒரு விஷயமே இல்லை என்பதையும் மறக்காதீர்கள். இருவரும் கையெழுத்துப் போட்ட கடனில் இருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. கடனை இனி அவர் கட்டுவார் என்று நீதிமன்றத்தில் எழுதிக்கொண்டாலும் அவர் கட்டாமல் விட்டால் வங்கி உங்களையும் கேட்கும், உங்கள் சிபில் ஸ்கோரும் இறங்கும். ஒருவர் பேரை மட்டும் கடனிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் மீதி இருப்பவரின் வருமானம் போதும் என்று வங்கி ஒத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன 35,000 சம்பளத்துக்கு எந்த வங்கியும் ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்ட நிலையில் இரண்டு வழிதான் உருப்படியானது: விற்றுக் கடனைக் கட்டிவிட்டு மீதியைப் பிரிப்பது, அல்லது அவரே வீட்டை வைத்துக்கொண்டு கடனைத் தன் பேருக்கு மாற்றி உங்கள் பங்கைப் பணமாகத் தருவது. எனக்கு இரண்டாவது பிடிக்கும், அவசர விற்பனையில் விலை அடிபடும் என்பதால்.

இதில் பத்திரச் செலவு என்று ஒன்று இருக்கிறது, எப்போது எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து லட்சக்கணக்கில் மாறும். கணவன் மனைவியாக இருக்கும்வரை செட்டில்மென்ட் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதினால் தமிழ்நாட்டில் அது குடும்பத்துக்குள் நடப்பதாகக் கணக்கு: 1 சதவீத முத்திரைத் தீர்வை, அதற்கு 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. தீர்ப்பு வந்து உறவு முடிந்த பிறகு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. 35 லட்ச மதிப்புள்ள பாதிப் பங்கை அப்போது கிரையமாக எழுதினால் தீர்வை 7 சதவீதம், பதிவு 2 சதவீதம், மொத்தம் 3,15,000. அதனால் பத்திரம் தீர்ப்புக்கு முன்பே பதிவாகிவிட வேண்டும். பிறகு பட்டாவிலும் மின் இணைப்பிலும் பேர் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீடு முழுக்க கணவர் பேரில் இருந்து, மனைவி வேலைக்குப் போகாமல் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டவர் என்றால்? 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அதனால் அவருக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். எட்டு மணி நேர வேலைக்குப் போகும் கணவனோடு இருபத்து நான்கு மணி நேரமும் வேலை செய்யும் மனைவியை ஒப்பிட்டு அவர் எழுதியதை வாசித்தபோது ரொம்ப நாள் யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த வார்த்தை போலிருந்தது. ஆனால் அது ஒரு தீர்ப்பு, அதை வைத்து உங்கள் வக்கீல் வாதாடலாம், பேரத்தில் வலுச் சேர்க்கலாம். சட்டமே பாதி தருகிறது என்ற நினைப்பில் வழக்கைக் கட்டாதீர்கள்.

விவாகரத்தே வேண்டாம் என்றால்

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய, மறுமணத்தில் நாட்டமில்லாத, கணவர் அரசு ஊழியராக இருக்கும் பெண்கள் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும். விவாகரத்து ஆன நாளிலிருந்து நீங்கள் அவருடைய வாரிசு அல்ல, குடும்ப ஓய்வூதியமும் உங்களுக்கு வராது. அதற்குப் பதிலாக, விவாகரத்து ஆகாமலே பிரிந்து வாழ நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கலாம், அல்லது தனியாக இருந்துகொண்டே ஜீவனாம்சம் கேட்கலாம். சேர்ந்து வாழும் கட்டாயம் இல்லை, மனைவி என்ற நிலையும் போகாது, வாரிசுரிமையும் போகாது. அடி, வசவு என்று போயிருந்தால் 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் இருந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையையும் கேட்கலாம். வீடு மாமனார் பேரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீடாக இருந்தால் கேட்க முடியும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முப்பது வயதுப் பெண்ணுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். கதவைப் பாதி மூடி வைத்துக்கொண்டு அவள் ஏன் காத்திருக்க வேண்டும்?

மியூச்சுவலா, வழக்கா

பரஸ்பர சம்மதம் என்றால் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், முதல் மனுவுக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் நடுவில் ஆறு மாதம். எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள், இனி சேர வழியில்லை என்று தெரிந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்தது. வழக்காகப் போனால் வருடக்கணக்கில் ஆகும், ஆனால் அதில் ஒரு பெரிய ஆயுதம் உண்டு: இருவரும் தங்கள் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பர் 4இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது, அதனால் இழுத்தடித்தால் பாக்கிதான் ஏறும்.

என் யோசனை, அவர் உண்மையான வருமானத்தைச் சொல்கிறார் என்று நம்ப முடிந்தால் மியூச்சுவல். மறைக்கிறார் என்று சந்தேகம் வந்தால் முதலில் இடைக்கால ஜீவனாம்ச மனுவைப் போட்டு அந்தப் பிரமாணப் பத்திரத்தை வாங்கிவிடுங்கள், பிறகு சமரச மையத்தில் உட்கார்ந்து பேசுங்கள். காகிதத்தைப் பார்த்த பிறகு பேசுவதும் பார்க்காமல் பேசுவதும் ஒன்றல்ல. அவசரமாக மறுமணம் செய்ய வேண்டியிருப்பவர் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கம்தான் பேரத்தில் இறங்கும். அது நீங்களாக இருந்தால் வெளியில் காட்டிக்கொள்ளாதீர்கள்.

மற்ற சட்டங்களில் கல்யாணம் ஆனவர்களுக்கு: கிறிஸ்தவர்களின் 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தின் வாசகம் பரஸ்பர சம்மதத்துக்கு இரண்டு வருடப் பிரிவு கேட்கிறது. முஸ்லிம் பெண்களுக்கு 1986ஆம் வருடச் சட்டம் தனியாக இருந்தாலும், மேலே சொன்ன பழைய 125ஆம் பிரிவின் (இப்போது 144) கீழும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை மனைவிக்கு மட்டும்.

மியூச்சுவலில் போவதானால் பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது கட்டத்தில் நீதிபதி கேட்கும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெற இருவருக்கும் உரிமை இருக்கிறது, உங்கள் பலமும் அதுவரைதான். முதல் மனுவின்போது தொகையில் ஒரு பங்கு டிடியாக வரட்டும், நகை எடைபோட்டுக் கையெழுத்தாகட்டும். நடுவில் வீட்டுப் பத்திரம் பதிவாகட்டும், கடனிலிருந்து உங்கள் பேர் நீங்கியதாக வங்கியின் கடிதம் கைக்கு வரட்டும். மீதி டிடியை நீதிபதி முன்னிலையில் வாங்குங்கள், செக் வேண்டாம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, கல்லூரி என்று ஒவ்வொன்றையும் யார் எவ்வளவு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "மீதியைத் தீர்ப்பு வந்ததும் தந்துவிடுவார், நல்ல குடும்பம்தான்" என்று உங்கள் பக்கத்துப் பெரியவர்களே சொன்னாலும், அந்தத் தொகை கைக்கு வரும்வரை இரண்டாவது கட்டத்துக்கு வாய்தா கேளுங்கள்.